சுமியோஷி பாலத்துப் படம்

ஒசாகா
ஏப்ரல் 18

சவாகோ,

நீ விட்டுப்போன விடுதிப் பட்டியலைப் பார்த்து மட்சுயாமா விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். ஃபோனில் உன்னை பிளாக் செய்துவிட்டேன். பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, மினோரி வேலை பார்க்கும் சாப்பாட்டுப் பெட்டிக் கடைக்கு உன் பெரியப்பா மகன் ஷூஜி வந்தான். சாம்பல் நிறக் கோட்டு, கையில் இனிப்புப் பெட்டி. கடைக்கார அம்மாவுக்கு இடுப்பு மடிய வணக்கம் வைத்துவிட்டு, "என் மனைவி இங்க வேலை பாக்குறாங்க. மருந்த மறந்து வச்சிட்டு வந்துட்டாங்க, குடுத்துட்டுப் போயிடறேன்" என்றானாம். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? "பரவால்லையே, மருந்து எடுத்துட்டு வர்ற புருஷன நான் பாத்ததே இல்ல" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கூப்பிட்டிருக்கிறார்.

உள்ளே யாரும் இல்லை. அடுப்பில் மீன் கருகிக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது.

மினோரி ஏப்ரனும் ரப்பர் பூட்ஸுமாக ஐந்து கிலோமீட்டர் நடந்து என் கண்ணாடிக் கடைக்கு வந்தாள். நான் ஒரு கிழவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். அவள் கவுண்டருக்குப் பின்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை.

அவனுக்குக் கடையின் பெயர் எப்படிக் கிடைத்தது என்று யோசித்தேன். அப்புறம் இணையத்தில் உன் பயணப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

ஏப்ரல் எட்டாம் தேதி நீ போட்ட படம். சுமியோஷி கோயிலின் சிவப்பு வளைவுப் பாலம், அதில் ஏறிப்போகும் ஒருத்தியின் முதுகு, தோளில் வெள்ளைத் துணிப்பை. பையில் 'ஹனாமுரா' என்று கடையின் பெயர், எதிர்வீட்டிலிருந்து படிக்கிற அளவு பெரிதாக. அதற்குக் கீழே நீ எழுதியிருக்கிறாய்: "பள்ளித் தோழி. வழியனுப்பக்கூட வர மனமில்லாதவள்."

நீ எங்களோடு ஊர் சுற்ற ஒசாகா வந்த முதல் நாளே சொன்னேன். கோட்டை அகழி ஓரத்தில் நின்று மூன்று தடவை சொன்னேன். "படம் எடுத்துக்கோ, எங்கயும் போடாத." நீ "சரிடி, சரிடி, சினிமா நடிகைங்க பாரு" என்றாய்.

ஏன் என்று நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மினோரி சமையல் பயிற்சிக்காக ஒசாகா வந்தாள் என்றது பொய். போன மே மாதம் அவள் அவன் வீட்டிலிருந்து தப்பி வந்தாள். அவன் அடிப்பான். அவள் இருக்கும் இடம் நம் ஊர் டொயாமாவில் ஒருவருக்கும் தெரியாது, பெற்ற தாய்க்குக்கூட. நீ அவனுக்குத் தங்கை முறை. அதனால் உனக்கும் சொல்லவில்லை.

அந்தப் படத்தை இன்றே எடு. பதில் எழுதத் தேவையில்லை.

கனாயே


மட்சுயாமா
ஏப்ரல் 23

கனாயே,

படத்தை எடுத்துவிட்டேன். பதில் தேவையில்லை என்று நீ தீர்மானிக்க முடியாது.

ஒன்றரை வருடம் முதுகில் பையோடு ஊர் ஊராக அலைந்தேன். பாஷை தெரியாத ஊர்களில், முன்பின் தெரியாதவர்கள் என்னைப் படுக்க வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். ஒருவரும் என்னிடம் இப்படி நடந்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நீ, ஆறு நாள் பக்கத்தில் நடந்துகொண்டே என்னை முட்டாளாக்கியிருக்கிறாய்.

அந்த ஆறு நாளும் எனக்கு எப்படி இருந்தது என்று தெரியுமா? கோட்டையில் நாலு பேர் படம் எடுத்தால் மினோரி மரத்துக்குப் பின்னால் போனாள். கோபுரத்துக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, லிஃப்ட் கதவு திறந்ததும் "நீங்க போங்க, நான் கீழ நிக்கிறேன்" என்றாள். நான் பேசினால் பாதிக்குப் பதிலே கிடையாது. ஒவ்வொரு தெருவிலும் என்னைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நடந்தாள், என் பக்கத்தில் நடப்பதே அவமானம் என்பதுபோல. குளிக்காத நாடோடி என்று நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நான் அப்படித்தானே எடுத்துக்கொள்ள முடியும்?

ஷின்செகாய்த் தெருவில் பொரித்த குச்சிக் கடையில், இறைச்சியைக் குச்சியில் குத்திப் பொரித்துத் தருவார்களே, அங்கே உட்கார்ந்தோமே, அதை மறந்திருக்க மாட்டாய். கடைக்காரர் என் பையைப் பார்த்து, "ஏம்மா, ஆமையாட்டம் வீட்டையே முதுகுல தூக்கிட்டு வந்திருக்க. கழட்டி வச்சிட்டு உக்காரு. ஒண்ணு சொல்லிடறேன், கடிச்ச குச்சிய மறுபடி பொது சாஸ்ல முக்குனா உன்னையும் சேத்துப் பொரிச்சிருவேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம், மினோரியும் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் நான் கேட்டேன், "அண்ணன் எப்படிடி உன்ன ஒசாகாவுக்கு விட்டாரு? அவருக்கு யாரு சோறு போடறா? நீ இல்லாம எளச்சே போயிருப்பாரு." அவள் கூடத் தின்ன வைத்திருந்த முட்டைக்கோஸ் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நீ மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாய். மிதிக்கத் தெரிந்த உனக்கு வெளியே கூட்டிப்போய் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. அவள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி விட்டது நான் இல்லை, நீ.

ஷூஜி அண்ணன் அடிப்பார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். எனக்குக் கடலில் நீந்தக் கற்றுக்கொடுத்தவர் அவர். பெரியப்பாவின் படகு எஞ்சின் பட்டறையில் இருபது பேர் வேலை செய்கிறார்கள், அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. மினோரியை அவருக்கு அறிமுகம் செய்து வைத்ததே நான்தான். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை இருக்கலாம். அவள் கோபித்துக்கொண்டு வந்திருக்கலாம். நீ அதை ஊதிப் பெரிதாக்கி அவளை உன் வீட்டில் ஒளித்து வைத்திருக்கலாம். உனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே அவள் உன் ஒருத்திக்கு மட்டும் தோழியாக இருக்க வேண்டும்.

மனைவியைத் தேடி இனிப்போடு வந்தார், வணக்கம் வைத்தார். நீ எழுதியதிலிருந்து எனக்குப் புரிவது அவ்வளவுதான்.

சவாகோ


ஒசாகா
ஏப்ரல் 27

சவாகோ,

உன் கடிதத்தை மினோரியிடம் காட்டவில்லை. காட்டினால் உன்னை மன்னித்துவிடுவாள். அதனால்தான் காட்டவில்லை.

அவளுக்கு இடது காது கேட்காது. இரண்டு வருடம் முன்பு அவன் அறைந்ததில் செவிப்பறை கிழிந்தது, சீழ் பிடித்தது, போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவனே அவன்தான். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று அங்கே எழுதியிருக்கிறது, அவளையே அப்படிச் சொல்ல வைத்தான். நீ எந்நேரமும் இடது பக்கம் வந்து நின்றுகொண்டு தொணதொணவென்று பேசினாய். நீ சொல்வது ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும் என்றுதான் உன்னைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தாள். அதற்குப் பெயர் அவமானமா?

துறைமுகத்து ராட்டினத்தில் ஏறினோம். மேலே போனதும் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இங்க யாரும் ஏறி வர முடியாதில்ல" என்றாள். நீ அதை நகைச்சுவை என்று நினைத்து உன் நோட்டில் எழுதிக்கொண்டாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வழியனுப்ப வரவில்லை என்று ஊருக்கே அறிவித்தாயே, அவள் பெரிய ரயில் நிலையத்துக்கு எப்போதும் வருவதில்லை. டொயாமாவிலிருந்து வருகிறவர்கள் இறங்குகிற இடம் அது. அன்று நான் உன் கையில் சோற்று உருண்டைப் பொட்டலம் கொடுத்தேன். கடையில் வாங்கியது என்றேன். விடியற்காலை எழுந்து அவள் கட்டியது. நீ ரயிலில் அதைத் தின்றுகொண்டே படத்தைப் போட்டிருப்பாய்.

உன்னை வரவேண்டாம் என்று சொல்லவே நான் நினைத்தேன். நீ வேலையை விட்டதற்காக உன் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாய், அது ஒன்றுதான் எனக்குத் தைரியம். அவள்தான் கெஞ்சினாள். "ஒரு வருஷமா வீடு விட்டா கட, கட விட்டா வீடு. ஆறே ஆறு நாள் சாதாரணப் பொம்பள மாதிரி உங்களோட ஊர் சுத்திக்கிறேன்டி. அவ சவாகோதானே."

நீ சவாகோதான். ஆனால் ஷூஜியின் தங்கை என்று எனக்குத் தோன்றியது. உன் கடிதம் வந்தபிறகு அது வெறும் சந்தேகம் இல்லை.

கனாயே


டொயாமா
மே 6

கனாயே,

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறேன். நீ எழுதியது பொய் என்று நிரூபிக்கத்தான் வந்தேன், வேறு எதற்கும் இல்லை.

விடுமுறை வாரம் என்பதால் பெரியப்பா குடும்பம் முழுதும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தது. அண்ணன் வழக்கம்போல எல்லோருக்கும் மது ஊற்றிக் கொடுத்தார். அப்பா பேச்சை ஆரம்பித்தார். மினோரி ஓடிப்போனது இவர்கள் எல்லோருக்கும் ஒரு வருடமாகத் தெரியும், எனக்கு மட்டும் சொல்லவில்லை. என்னிடம் எதையும் சொல்லாமல் இருப்பதில் நீயும் என் குடும்பமும் ஒன்று.

நான் கேட்டேன், "அண்ணா, அவ காதுக்கு என்ன ஆச்சு?"

அவர் கோபப்படவில்லை. "அதுவா? ஒரே ஒரு அறை. அதுக்குப் போயி காதே போச்சுங்கறா. நான் பட்டறைல எஞ்சினத் தட்டுறதவிட மெதுவாத்தான் தட்டுனேன்" என்றார். பெரியப்பா லேசாகச் சிரித்தார். என் அம்மா, "சூப் ஆறுது, குடிங்க குடிங்க" என்றாள். எல்லோரும் குடித்தார்கள். நானும் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், நீயே கண்டுபிடித்ததாக இருக்க வேண்டாம்.

ஆகவே அந்த விஷயத்தில் நீ சொன்னது சரி. நான் மட்சுயாமாவிலிருந்து எழுதியது தப்பு.

ஆனால் இதையும் கேட்டுக்கொள். ஒசாகா என்று எப்படித் தெரிந்தது என்று அவரிடம் கேட்டேன். பெருமையாகவே சொன்னார். மாதம் தவறாமல் மாமியாரைப் பார்க்கப் போவாராம், இனிப்போடு. பிப்ரவரியில் போனபோது அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு பார்சல் அட்டை கிடந்தது. ஒசாகாவின் உப்புக் கடற்பாசி, மாமியாரின் பிறந்தநாளுக்கு வந்தது. அனுப்பியவர் விலாசம் உன் கண்ணாடிக் கடை. எழுத்து மினோரியுடையது.

மார்ச் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உன் கடை இருக்கும் கூரை போட்ட கடைத்தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்திருக்கிறார். நீ கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்றார். நீ அவரைப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு வராதவள், அவர் முகம் உனக்கு எப்படித் தெரியும். இரண்டு தடவையும் ஞாயிற்றுக்கிழமை, மினோரிக்கு வேலை நாள், அதனால் தப்பித்தாள். என் படம் இல்லாவிட்டாலும் மூன்றாவது தடவை வந்திருப்பார். கடை மூடும்வரை காத்திருந்து உன் பின்னாலேயே உன் வீட்டுக்கு நடந்திருப்பார்.

அவரை ஒசாகாவுக்குக் கூட்டி வந்தது நீ. கடை வாசலைக் காட்டியது நான். பாதி எனக்கு, பாதி உனக்கு. முழுவதையும் என் தலையில் கட்டி ஒரு கடிதம், பிறகு இன்னொரு கடிதம் எழுதினாயே, இப்போது எழுது பார்க்கலாம்.

கோபத்தில்தான் அந்தப் படத்தைப் போட்டேன். முகம் தெரியவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ போடாதே என்று சொன்னது போடும்போது ஞாபகம் இருந்தது.

சவாகோ


ஒசாகா
மே 10

சவாகோ,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் ஷட்டரை இறக்கிவிட்டேன். எதிர்க்கடைத் தேநீர்க்காரர், "என்னம்மா, மத்தியானத்துலயே ஊர்ல எல்லாருக்கும் கண்ணு தெரிய ஆரம்பிச்சிருச்சா?" என்றார்.

பார்சல் அனுப்பியது உண்மை, பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது என்று நான் எழுதியது பொய். "நான் உசிரோட இருக்கேன்னு அம்மாவுக்குத் தெரியணும், என் கையெழுத்தப் பாத்தா போதும்" என்றாள். எழுத விட்டேன். என் கடை விலாசம் போட்டால் சந்தேகம் வராது என்று நினைத்தேன். இத்தனை எச்சரிக்கையாக இருந்துவிட்டு அட்டையைக் கிழித்துப் போடச் சொல்ல அந்த அம்மாவுக்கு ஒரு ஃபோன் செய்யவில்லை. உன்னிடம் மூன்று தடவை சொன்னவள் அவரிடம் ஒரு தடவை சொல்லவில்லை.

பாதி எனக்கு. ஒப்புக்கொள்கிறேன். உன்னிடம் ஒப்புக்கொள்வதற்கு எனக்குப் பற்றி எரிகிறது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். அவன் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் உத்தரவு கேட்டிருக்கிறோம். வக்கீல் அம்மா நல்லவர். ஆனால் கையில் ஆதாரம் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் வழுக்கி விழுந்தாள் என்று இருக்கிறது. அவன் அடித்தான் என்று சொல்ல மினோரியைத் தவிர ஆள் இல்லை, அவன் இல்லை என்பான்.

அவன் வாயாலேயே சொன்னதைக் கேட்டவள் நீ. அந்தச் சாப்பாட்டு மேசையில் கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து வக்கீலுக்கு அனுப்பு. விலாசம் இதோடு வைத்திருக்கிறேன். மாத முடிவுக்குள் வேண்டும்.

கெஞ்சவில்லை. நீ செய்ய வேண்டியது.

கனாயே


டொயாமா
மே 14

கனாயே,

முடியாது.

என் அப்பாவுக்கு அறுபத்தொரு வயது. பெரியப்பா பட்டறையில்தான் முப்பத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறார். இந்த வீடு பெரியப்பா பெயரில் இருக்கிறது. நான் ஒரு காகிதத்தில் முத்திரை வைத்தால், அப்பாவும் அம்மாவும் எங்கே போவார்கள்? ஒன்றரை வருடம் கழித்து இப்போதுதான் அப்பா என்னிடம், "நல்லா சாப்புட்டியா" என்று கேட்டிருக்கிறார்.

உனக்கு எழுதுவது சுலபம். நீ கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறாய். இழக்கப்போவது நான்.

மினோரிக்கு வேறு எதுவானாலும் செய்கிறேன். இது முடியாது.

சவாகோ


ஒசாகா
மே 17

சவாகோ,

நீ சூப் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன் என்று எழுதியிருந்தாய். கீழே வைத்துவிடுவாய் என்று எதிர்பார்த்தேன். குடித்து முடித்துவிட்டாய் போலிருக்கிறது.

இனி எழுத மாட்டேன்.

கனாயே


நாகானோ
மே 25

கனாயே,

மினோரிக்காகத்தான் எழுதுகிறேன், உனக்காக இல்லை. வக்கீலுக்கு நேற்று பதிவுத் தபாலில் இரண்டு காகிதம் அனுப்பியிருக்கிறேன். ஒன்று நீ கேட்டது. மே மூன்றாம் தேதி மதியம் யார் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், எல்லாம் எழுதி முத்திரை வைத்தேன். மற்றொன்று என்ன என்று உனக்குச் சொல்லியாக வேண்டும்.

உன் கடிதங்கள் வருவதை அம்மா அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் அவர் வந்தார். எனக்குப் பிடித்த மோச்சி இனிப்பு, சின்ன வயதில் நீச்சல் முடித்ததும் வாங்கிக் கொடுப்பாரே, அதே கடை. உட்கார்ந்தார், என் பயணத்தைப் பற்றி ஆசையாகக் கேட்டார். பிறகு, "மினோரி இப்ப கனாயே வீட்டுல இல்ல. வேற எங்கயோ மாத்திட்டாங்க. நீ கேட்டா சொல்லுவா" என்றார்.

"எங்களுக்குள்ள பேச்சே நல்லாயில்லண்ணா."

"அதான் சமாதானமா ஒரு கடுதாசி போடு. உனக்குச் சிரமம் வேண்டாம்னு நானே எழுதிக் கொண்டாந்திருக்கேன். நீ பாத்து எழுதி அனுப்பினா போதும்."

ஒரு பக்கக் கடிதம். 'கனாயே, உன்னோடு சண்டை போட்டு எனக்குத் தூக்கமே இல்லை' என்று ஆரம்பம். பொரித்த குச்சிக் கடைக்காரர் என்னை ஆமை என்றது அதில் இருந்தது, என் பயணப் பக்கத்தில் படித்திருப்பார். நடுவில் என்னை நானே கிண்டல் செய்துகொள்ளும் ஒரு வரி. கடைசியில், 'மினோரிக்கு ஒரு கம்பளிப் போர்வை அனுப்பணும், விலாசம் மட்டும் எழுது.' படித்தபோது என் குரல் மாதிரியே இருந்தது. உனக்கு வந்திருந்தால் நீ ஒரு நொடி சந்தேகப்பட்டிருக்க மாட்டாய். எத்தனை நாள் உட்கார்ந்து என்னைப் படித்திருக்கிறார் என்று நினைத்தேன். அவளை எத்தனை வருடம் அப்படிப் படித்திருப்பார் என்றும் நினைத்தேன்.

"காலைல எழுதிடறேண்ணா" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் கையெழுத்தில் இருக்கும் அந்தக் காகிதம்தான் இரண்டாவது.

அப்பாவிடம் நானே சொன்னேன், வேறு யார் மூலமும் தெரிய வேண்டாம் என்று. அவர் சத்தம் போடவில்லை. நான் பையைக் கட்டுவதை வாசலில் நின்று பார்த்தார். "எந்தப் பக்கம் போற?" என்றார். "தெரியலப்பா" என்றேன். "இனிமே தெரிஞ்சாலும் சொல்லாத" என்றார். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை, குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

இங்கே ஒரு வெந்நீர் விடுதியில் அறைகள் சுத்தம் செய்கிறேன். அப்பாவுக்கு வேலை இருக்கிறதா, வீடு இருக்கிறதா தெரியாது.

இதை நீ கேட்டதற்காகச் செய்ததாக நினைத்துக்கொள்ளாதே. உன் கடைசிக் கடிதம் வந்த அன்று, செய்யவே கூடாது என்று இன்னும் உறுதியாக இருந்தேன். அவ்வளவு கேவலமாக எழுதியிருந்தாய்.

சவாகோ


ஒசாகா
ஜூன் 20

சவாகோ,

எழுத மாட்டேன் என்றேன். எழுத வேண்டியிருக்கிறது.

உத்தரவு கிடைத்துவிட்டது. ஒரு வருடத்துக்கு அவன் அவளை நெருங்கவும் கூடாது, தேடவும் கூடாது. மீறினால் ஜெயில். நீதிபதி முன்னால் அவன் அதே சாம்பல் கோட்டில் வந்து வணக்கம் வைத்து உட்கார்ந்தான். மனைவிமேல் பாசம், கவலை, அதனால் தேடினேன் என்றான். உன் வாக்குமூலத்தைக் காட்டியபோது, "என் தங்கச்சி ஊர் ஊரா சுத்துற பொண்ணு, கதை எழுதற பழக்கம்" என்றான். அப்புறம் வக்கீல் அவன் எழுதிய கடிதத்தை எடுத்து வைத்தார். நீதிபதி மெதுவாகக் கேட்டார், "இந்தக் கதையை எழுதினது யாருங்க?"

மே மாதத்திலிருந்து வக்கீல் அம்மா பார்த்துக்கொடுத்த இடத்தில் இருந்த மினோரி, போன வெள்ளிக்கிழமை ஊரை விட்டே போய்விட்டாள். எந்த ஊர் என்று எனக்குச் சொல்லவில்லை. வக்கீல் அம்மாவுக்கு மட்டும் தெரியும். "யார்கிட்டயும் சொல்லலங்க, உங்ககிட்டயும்தான்" என்று வக்கீல் என்னிடம் சொன்னபோது, நியாயம்தான் என்று தலையாட்டினேன். வெளியே வந்து ஆற்றுப் பாலத்துச் சுவரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வருடம் என் படுக்கைக்குப் பக்கத்தில் படுத்தவள். இப்போது அவளை யாரிடமிருந்து மறைக்க வேண்டுமோ அந்தப் பட்டியலில் ஷூஜி, நீ, நான்.

போவதற்கு முன் உன் எல்லாக் கடிதங்களையும் அவளிடம் கொடுத்தேன். மட்சுயாமாவிலிருந்து எழுதியதையும். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "சவாகோவுக்கு இப்போ வீடு இல்லையா" என்று மட்டும் கேட்டாள்.

உனக்கு நன்றி சொல்வதுதான் முறை. உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே நீ எழுதிய வரி இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ என் கடைசிக் கடிதத்தை அப்படித்தான் நினைப்பாய் என்றும் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இதற்கு நீ மட்டும்தான் பதில் சொல்ல முடியும். முதல் நாள் கோட்டை அகழி ஓரத்தில் மினோரி பூக்களைப் பார்த்துக்கொண்டு முன்னால் போனாள், நாம் இருவரும் பின்னால் தனியாக இருந்தோம். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் நீ அந்தப் படத்தைப் போட்டிருக்க மாட்டாய், அவளும் இந்நேரம் இங்கேயே இருந்திருப்பாள் என்று தினமும் தோன்றுகிறது. கண்ணாடி துடைக்கும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது. சொல்லியிருக்க வேண்டுமா?

உண்மையை எழுது. எனக்கு ஆறுதல் வேண்டாம்.

கனாயே


நாகானோ
ஜூன் 28

கனாயே,

அப்பாவுக்கு வேலை போகவில்லை. இந்த விலாசத்தை அம்மாவுக்கு மட்டும் தெரிவித்திருந்தேன், ஓர் அஞ்சலட்டை எழுதியிருந்தாள். பட்டறையில் யாரும் அவரோடு பேசுவதில்லையாம், சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காருகிறாராம். உன்னிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்ல?

நீ என்னைச் சந்தேகப்பட்டதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் நீ ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய், அதை வைத்துக்கொண்டு ஆறு நாள் ஒவ்வொரு அறையாகப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். உன்னை அப்படியே தவிக்க விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். அதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

நீ சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமல் இருந்ததுதான் சரி.

அன்று அகழி ஓரத்தில் நீ சொல்லியிருந்தால், நான் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பேன். உண்மையாகவே செய்திருப்பேன். மத்தியானம் நீங்கள் இருவரும் சாப்பிடப் போனதும், மனசு கேட்காமல், ஒரு மரத்தடியில் நின்று அண்ணனுக்கு ஃபோன் போட்டிருப்பேன். "இவங்க இப்படிச் சொல்றாங்களே, நெஜமாண்ணா?" என்று கேட்டிருப்பேன்.

அவர் கோபப்பட்டிருக்க மாட்டார். "எங்கம்மா இருக்கா, நல்லா இருக்காளா?" என்று கேட்டிருப்பார்.

சொல்லியிருப்பேன்.

சவாகோ